ஒரு சொல்லுக்கு 134 பொருள்! - அகராதி தந்த டாக்டர் ஜான்சன்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதல் சில பாடங்களிலேயே தெரிந்துகொள்ளும் சொல் 'டேக்'. ஆங்கிலத்தில் அது நாலே எழுத்து. அதற்கு என்ன பொருள் என்று கேட்டால், 'எடு' என்று பிள்ளை பளிச்சென்று சொல்லிவிடும்.

அவ்வளவுதானா பொருள்?

அந்த நாலு எழுத்துச் சொல்லுக்கு ஒரு மனிதர் 134 பொருள் எழுதினார்! பெரிய அளவுத் தாளில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் 5 பக்கம் பிடித்தது.

அந்த மனிதருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. ஒரு காது கேட்காது. கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. கையில் காசும் இல்லை. ஆனாலும் ஒரு தேசத்தின் மொழி முழுவதையும் இரண்டு புத்தகத்துக்குள் கொண்டுவந்து காட்டினார். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஜான்சன்.

புத்தகக் கடைக்காரர் மகன்

இங்கிலாந்தில் லிச்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே மைக்கேல் ஜான்சன் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். அவருக்கு 52 வயதாகும்போது, 1709-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, சாமுவேல் பிறந்தார். அப்போது தாயார் சாராவுக்கு 40 வயது.

பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையை கண்டமாலை நோய் பிடித்தது. கழுத்தில் கட்டிகள் கிளம்பின. அதனால் முகத்திலும் கழுத்திலும் ஆயுள் முழுவதும் தழும்பு இருந்தது. இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய போயிற்று. இடது காதும் கேட்கவில்லை.

அரசர் தொட்டால் அந்த நோய் தீரும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. இரண்டரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயார் லண்டனுக்குப் போனார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டார். ஒரு தங்க நாணயமும் கொடுத்தார். நோய் தீரவில்லை. ஆனால் அந்த நாணயத்தை ஜான்சன் கடைசி வரை கழுத்தில் அணிந்திருந்தார்.

உடம்பு இப்படி என்றாலும் மூளை கூர்மையானது. தகப்பனார் கடையில் கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எல்லாம் படித்துத் தீர்த்தார். ஒரு முறை படித்தது மறக்காது.

வாசலில் இருந்த பூட்சு

1728-ம் ஆண்டு, 19-வது வயதில், ஜான்சன் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போனார். பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்பில் குறை இல்லை. பணத்தில்தான் குறை. போட்டிருந்த பூட்சு கிழிந்து, கால் விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. இதைக் கண்டு இரக்கப்பட்ட யாரோ ஒருவர் ஒரு புது ஜோடியை அவர் அறை வாசலில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் கதவைத் திறந்த ஜான்சன் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது. எடுத்து வீசி எறிந்துவிட்டார்!

ஏழையாக இருக்கலாம், பிறர் இரக்கத்தில் வாழக்கூடாது. அந்தப் பிடிவாதம் பின்னால் ஒரு பெரிய பிரபுவிடமும் வெளிப்பட்டது.

13 மாதத்தில் பணம் அடியோடு தீர்ந்தது. பட்டம் வாங்காமலே ஊருக்குத் திரும்பினார். 1731-ல் தகப்பனார் காலமானார். மகன் கைக்கு வந்த சொத்து 20 பவுன்.

நொடித்த பள்ளிக்கூடம்

1735-ல் ஜான்சன் கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் எலிசபெத் போர்ட்டர் ஒரு விதவை. வயது 46. மாப்பிள்ளைக்கு 25! ஊரார் சிரித்தார்கள். ஜான்சன் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவியை 'டெட்டி' என்று செல்லமாக அழைத்தார். உயிருக்கு உயிராக நேசித்தார்.

மனைவி கொண்டுவந்த பணத்தில் எடியல் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் நொடித்துப் போயிற்று.

மாணவர்களில் ஒருவன் டேவிட் காரிக். 1737-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆசிரியரும் மாணவனும் ஒன்றாகவே லண்டனுக்குப் புறப்பட்டார்கள். காரிக் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த நாடக நடிகர் ஆனார். நாலைந்து ஆண்டிலேயே புகழ் அவரைத் தேடி வந்தது. ஆசிரியரோ வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

லண்டன் வீதிகளில்

லண்டனில் ஜான்சன் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தார். எட்வர்டு கேவ் என்பவர் நடத்திய 'ஜென்டில்மேன்ஸ் மேகசீன்' என்ற பத்திரிகை அவருக்கு வேலை கொடுத்தது. பாட்டு, மொழிபெயர்ப்பு, வாழ்க்கை வரலாறு, பாராளுமன்றச் செய்தி என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் கிடைத்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை. ரிச்சர்டு சாவேஜ் என்ற கவிஞர் அவருடைய நண்பர். இரவு படுக்க இடத்துக்குக் காசில்லாமல், இரண்டு பேரும் விடிய விடிய லண்டன் வீதிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது உண்டு. நடக்கும்போது பேச்சு மட்டும் ஓயாது. தேசம் எப்படி நடக்கவேண்டும் என்று தர்க்கம் நடக்கும்!

இப்படி 9 ஆண்டு கழிந்தது. ஜான்சன் நன்றாக எழுதுகிறவர் என்பது புத்தக வியாபாரிகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

1,500 கினி

அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்கு அகராதியே இல்லையா? இருந்தது. 1604-ல் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் ஒரு சிறு அகராதி வெளியிட்டார். அதில் இருந்தவை கடினமான சொற்களே. வா, போ, கொடு, எடு போன்ற சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு?

பின்னால் நதானியேல் பெய்லி என்பவர் பெரிய அகராதி ஒன்று தந்தார். அதில் எளிய சொற்களும் இடம் பெற்றன. ஆனால் அவற்றுக்கு ஏதோ ஒன்றிரண்டு விளக்கம் சொல்லித் தாண்டிவிட்டார்.

பிரான்சு தேசத்தில் அகாடமி என்ற சபை பெரிய அகராதி போட்டிருந்தது. இங்கிலாந்துக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்று லண்டன் புத்தக வியாபாரிகள் நினைத்தார்கள். சிலர் கூட்டாகச் சேர்ந்து ஜான்சனிடம் வந்தார்கள்.

1746-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. தொகை 1,500 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். பவுன் கணக்கில் 1,575 பவுன். தவணை தவணையாகக் கொடுப்பார்கள். உதவியாளர் சம்பளம், காகிதம் எல்லாம் அதிலிருந்தே ஜான்சன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று ஆண்டில் முடிப்பேன் என்றார் ஜான்சன்.

நண்பர் ஒருவர் திகைத்தார். பிரெஞ்சு அகாடமியில் 40 பேர் 40 ஆண்டு உழைத்தார்களே, நீர் ஒருவர் மூன்றே ஆண்டில் எப்படி முடிப்பீர் என்று கேட்டார். ஜான்சன் சளைக்கவில்லை. 40-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,600; ஆகவே மூன்றுக்கும் 1,600-க்கும் உள்ள விகிதம்தான் ஓர் ஆங்கிலேயனுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்!

வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் அந்த மூன்று ஆண்டு ஒன்பது ஆண்டாக நீண்டது. நீளச் செய்தவை கடினமான சொற்கள் அல்ல. 'டேக்' போன்ற சின்னஞ்சிறு சொற்களே.

மச்சு அறையில் வேலை

லண்டனில் கப் சதுக்கம் என்ற இடத்தில் 17-ம் எண் வீட்டை ஜான்சன் வாடகைக்குப் பிடித்தார். அதன் மேல்மாடியில் கூரைக்கு அடியில் ஒரு நீண்ட மச்சு அறை. அதில் வியாபாரிகளின் கணக்குப்பிள்ளை அறை போல மேஜைகள் போடப்பட்டன. ஆறு குமாஸ்தாக்கள் அமர்ந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

ஜான்சனுடைய நாற்காலியைக் கேட்க வேண்டாம். அதற்கு மூன்று கால்தான்! ஒரு கையும் இல்லை. பார்க்க வந்தவருக்கு நல்ல நாற்காலியைக் கொடுத்துவிட்டு, உடைந்ததில் தாம் உட்கார்ந்துகொள்வார்.

வேலை நடந்த விதம் இதுதான். ஜான்சன் சிறந்த ஆசிரியர்களின் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒரு சொல் நன்றாகப் பயன்பட்டிருக்கும் இடத்தைக் கண்டால் பென்சிலால் அடிக்கோடு போடுவார். அந்தச் சொல்லின் முதல் எழுத்தை ஓரத்தில் குறிப்பார். குமாஸ்தாக்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அகர வரிசையில் சேர்ப்பார்கள்.

நண்பர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்களும் இந்தப் பென்சிலுக்குத் தப்பவில்லை. புத்தகம் கொடுத்தவர்கள், அது திரும்பி வந்த கோலத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்கள்.

துண்டுக் காகிதங்கள் குவிந்தன. அப்போதுதான் சங்கடம் தொடங்கியது.

பெயர்ச்சொல் எளிது. நாற்காலி என்றால் நாற்காலி. குதிரை என்றால் குதிரை. ஆனால் வினைச்சொல்? 'டேக்' என்ற சொல்லுக்கு வந்து விழுந்த காகிதங்களைப் பிரித்து அடுக்கினால், ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு நின்றது!

'எடு' என்றால் என்ன?

இந்தச் சங்கடம் நமக்குப் புரியாதது அல்ல. நம் தமிழிலேயே 'எடு' என்ற சொல்லைப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து பணம் எடுக்கிறோம். தீபாவளிக்குப் புடவை எடுக்கிறோம். அங்கே எடுப்பது என்றால் விலைக்கு வாங்குவது. நல்ல குடும்பத்தில் பெண் எடுக்கிறோம். அது சம்பந்தம் செய்வது. நமக்குப் பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது. அங்கே யார் எதை எடுக்கிறார்கள்? கடவுள் அவதாரம் எடுக்கிறார். திருடன் ஓட்டம் எடுக்கிறான். பாம்பு படம் எடுக்கிறது. சினிமாக்காரரும் படம் எடுக்கிறார்!

தமிழ்ப் பிள்ளை இதை எல்லாம் தாய்மடியிலேயே கற்றுக்கொள்கிறது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெளிநாட்டுக்காரர் தமிழ் கற்கும்போதுதான், பசி எடுப்பது எப்படி என்று விழிப்பார்.

ஆங்கிலத்திலும் அப்படியே. நாம் மருந்து குடிக்கிறோம். ஆங்கிலத்தில் மருந்தை 'டேக்' செய்வார்கள். நாம் விடை பெறுகிறோம்; அவர்கள் விடையை 'டேக்' செய்வார்கள். நாம் சத்தியம் செய்கிறோம், குறி பார்க்கிறோம், மரம் வேர் விடுகிறது, கூரை தீப்பிடிக்கிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் 'டேக்'தான்.

இதோடு விட்டதா? அந்தச் சொல்லின் பின்னால் ஒரு சின்ன வால் சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும். 'டேக்' என்பதோடு 'ஆஃப்' சேர்ந்தால் கழற்றுவது. 'ஆஃப்டர்' சேர்ந்தால், பிள்ளை தகப்பனைப் போல இருப்பது. 'இன்' சேர்ந்தால் ஒருவரை ஏமாற்றுவது என்றும் பொருள் வரும்.

நமக்குக் கை தெரியும். விடுவது என்ன என்றும் தெரியும். ஆனால் ஒருவன் மனைவியைக் கைவிட்டான் என்றால், அதன் பொருள் இந்த இரண்டிலும் இல்லை அல்லவா? அது போலத்தான் இதுவும். இரண்டு சொல்லும் தெரிந்திருக்கும். இரண்டும் கூடி நின்றால் தெரியாத மூன்றாவது பொருள் வந்துவிடும்.

ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டாருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறு இல்லை என்று ஜான்சன் கண்டுகொண்டார். எனவே இந்த ஜோடிகளை எல்லாம் விடாமல் தேடிப் பிடித்து எழுதினார்.

போட்ட திட்டம் போதவில்லை

முதலில் அவர் போட்ட திட்டம் பழைய அகராதிகளைப் பார்த்து அமைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இன்ன பொருள் என்று முன்னதாக வகுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற வாக்கியங்களைச் சேர்ப்பது என்பது எண்ணம். நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டும் வந்தார்.

வினைச்சொற்களைத் தொட்டதும் அது நடக்கவில்லை. மூன்று பொருளுக்கு இடம் விட்டிருந்தால் முப்பது பொருள் வந்து நின்றது. விட்ட இடம் போதவில்லை. வகுத்த வகையும் பொருந்தவில்லை. ஆண்டுக் கணக்கில் செய்த வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொரு தவறும் நேர்ந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கும் தாளில் ஒரு புறம் மட்டுமே எழுத வேண்டும். தெரியாமல் இரு புறமும் எழுதிவிட்டார்! அதை ஒரு புறமாகப் பிரித்து எழுத 20 பவுன் செலவாயிற்று. சாப்பாட்டுக்கே தாளம் போடும் வீட்டில் 20 பவுன் என்றால் சும்மாவா?

மூன்று ஆண்டு கெடு தாண்டிவிட்டது. வியாபாரிகள் நச்சரித்தார்கள். வருமானத்துக்காக 1750-ல் 'ராம்ப்ளர்' என்ற பெயரில் வாரம் இரண்டு கட்டுரை வெளியிடத் தொடங்கினார். பகலில் அகராதி, இரவில் கட்டுரை என்று உழைத்தார்.

மனைவி மறைந்தார்

1752-ம் ஆண்டு மார்ச் மாதம் டெட்டி அம்மாள் காலமானார். ஜான்சன் இடிந்து போனார். அகராதி முடிந்து, கடன் தீர்ந்து, மனைவியை வசதியாக வைத்திருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார். அது நிறைவேறாமலே போயிற்று.

மனைவியின் கல்யாண மோதிரத்தை ஒரு சின்ன மரப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்தார். பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

சில நாட்களில் அந்த வெறிச்சோடிய வீட்டுக்கு ஒரு கறுப்புச் சிறுவன் வந்தான். பெயர் பிரான்சிஸ் பார்பர். ஜமைக்கா தீவில் அடிமையாகப் பிறந்தவன். வேலைக்காரனாக வந்த அவனை ஜான்சன் மகனைப் போல வளர்த்தார், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்.

பிரபுவுக்கு ஒரு கடிதம்

அந்தக் காலத்தில் புத்தகம் எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு பிரபுவின் ஆதரவைத் தேடுவார்கள். ஜான்சனும் 1747-ல் தம் அகராதித் திட்டத்தை செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு எழுதி வெளியிட்டார். பிரபு 10 பவுன் கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு ஜான்சன் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்ததுதான் மிச்சம்.

ஏழு ஆண்டு கழிந்தது. அகராதி முடியப் போகிறது என்ற செய்தி பரவியது. உடனே பிரபு ஒரு பத்திரிகையில் இரண்டு கட்டுரை எழுதி அகராதியைப் பாராட்டினார். அதைத் தமக்குக் காணிக்கை ஆக்குவார் என்ற எண்ணம்!

ஜான்சனுக்கு ஆக்ஸ்போர்டு பூட்சு நினைவுக்கு வந்ததோ என்னவோ, 1755-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதை குறையாத கடிதம். ஆனால் ஒவ்வொரு வரியும் சவுக்கடி. ஒருவன் தண்ணீரில் தத்தளிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறிய பிறகு கைகொடுக்க வருகிறவருக்குப் பெயர்தான் ஆதரவாளரா என்று கேட்டிருந்தார். மனைவியும் போய்விட்டாள், இனிமேல் புகழ் வந்தால் அதை யாருடன் பங்கிட்டுக்கொள்வது என்ற வேதனையும் அதில் இருந்தது.

எழுத்தாளன் பிரபுக்களை நம்பியிராமல் வாசகர்களை நம்பி வாழலாம் என்று காட்டிய கடிதம் அது என்பார்கள்.

அகராதி வந்தது

1755-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அகராதி வெளியாயிற்று. இரண்டு மிகப் பெரிய புத்தகங்கள். 2,300 பக்கம். 42,000-க்கு மேல் சொற்கள். அவற்றின் பொருளுக்குச் சான்றாக ஏறக்குறைய 1,14,000 மேற்கோள்கள். விலை 4 பவுன் 10 ஷில்லிங். முதல் பதிப்பு 2,000 பிரதி. பட்டம் வாங்காமல் திரும்பியவருக்கு ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை எம்.ஏ. பட்டம் அளித்தது.

கடைசித் தாள் வந்து சேர்ந்ததும், ஆண்ட்ரூ மில்லர் என்ற புத்தக வியாபாரி, அப்பாடா, இவர் தொல்லை விட்டது, கடவுளுக்கு நன்றி என்றாராம். அது காதில் விழுந்ததும், அவர் கடவுளுக்கு நன்றி சொல்லவாவது கற்றுக்கொண்டாரே என்று ஜான்சன் சிரித்தாராம்!

இரண்டாவது புத்தகத்தில்தான் 'டேக்' இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மொத்தம் 134 பொருள் வரிசையாக நின்றது. கையால் எடுப்பது போன்ற கண்ணுக்குத் தெரியும் செயல்கள் ஒரு பக்கம்; மனத்தால் கொள்வது, வசப்படுத்துவது போன்ற நுட்பமான பொருள்கள் ஒரு பக்கம்; வால் சேர்ந்த ஜோடிகள் ஒரு பக்கம். 'இன்' சேர்ந்து ஏமாற்றுவது என்று வரும் வழக்கைக் கொச்சை என்று கண்டித்தார், ஆனாலும் விட்டுவிடவில்லை. 'புட்' என்ற சொல்லுக்கு 3 பக்கம் பிடித்தது.

முன்னால் சிலர் பொருளுக்கு எண் போட்டது உண்டு. ஆனால் எளிய வினைச்சொல் ஒவ்வொன்றையும் இத்தனை ஆழமாகத் தோண்டி, சான்றும் காட்டியவர் ஆங்கிலத்தில் அவருக்கு முன் இல்லை.

தவறுகளும் இருந்தன. குதிரையின் குளம்புக்கு மேலே உள்ள பகுதியை முழங்கால் என்று எழுதிவிட்டார். ஒரு பெண்மணி அதற்குக் காரணம் கேட்டார். வேறொருவர் என்றால் சமாதானம் சொல்லி மழுப்பியிருப்பார். ஜான்சனோ, எல்லாம் என் அறியாமைதான் என்று ஒப்புக்கொண்டார்.

தொடங்கும்போது, ஆங்கில மொழியை இனி மாறாதபடி நிலைநிறுத்திவிடலாம் என்று அவர் ஆசைப்பட்டார். ஒன்பது ஆண்டு கழித்து எழுதிய முன்னுரையில் அந்த ஆசை வீண் என்று சொல்லிவிட்டார். மக்கள் வாயில் புழங்கும் வினைச்சொற்களுக்கு எல்லை கட்ட முடியாது. அலையடிக்கும் தண்ணீரில் தெரியும் தோப்பின் நிழலைப் பார்த்துப் படம் வரைய முடியுமா என்று கேட்டார்.

கடனுக்குக் கைது

புகழ் வந்தது. பணம்? ஒப்பந்தத் தொகை முழுவதும் முன்பே செலவாகிவிட்டது. கணக்குப் பார்த்தபோது, பேசிய தொகைக்கு மேலேயே வாங்கியிருந்தது தெரிந்தது!

1756-ம் ஆண்டு மார்ச் மாதம், 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். நாடே கொண்டாடும் அகராதியை எழுதியவர், ஆறு பவுன் இல்லாமல் சேவகர் கையில் சிக்கினார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார்.

1759-ம் ஆண்டு தாயார் 89-வது வயதில் இறந்தார். ஈமச் செலவுக்காகவும் தாயார் வைத்த சிறு கடன்களுக்காகவும், ஒரே வாரத்து மாலை நேரங்களில் 'ராசலஸ்' என்ற கதையை எழுதி விற்றார்.

மூன்று ஆண்டுக்குப் பிறகு விடிவு வந்தது. 1762-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தார். இதிலும் ஒரு வேடிக்கை! அரசாங்க உபகாரச் சம்பளம் என்பது தேசத்துரோகத்துக்குக் கிடைக்கும் கூலி என்ற கருத்தில் அகராதியில் பொருள் எழுதியிருந்தவர் அவர். எனவே தயங்கினார். இனிமேல் ஏதாவது செய்யவேண்டும் என்பதற்காக அல்ல, இதுவரை செய்ததற்காகவே தருகிறோம் என்று பிரதம மந்திரி பியூட் பிரபு உறுதி சொன்ன பிறகே பெற்றுக்கொண்டார்.

ஏழைகள் நிறைந்த வீடு

பணம் வந்தும் ஜான்சன் மாறவில்லை. அவர் வீட்டில் கண் தெரியாத பெண் புலவர் ஒருவர், ஏழை வைத்தியர் ஒருவர் என்று கதியற்றவர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் சண்டை போடுவார்கள். ஜான்சன் பொறுத்துக்கொள்வார். நள்ளிரவில் வீடு திரும்பும்போது, தெருத் திண்ணைகளில் தூங்கும் அனாதைக் குழந்தைகளின் கையில் காசு வைத்துவிட்டு வருவார். காலையில் விழித்ததும் அவை ஏதாவது வாங்கிச் சாப்பிடட்டும் என்று.

'ஹாட்ஜ்' என்று ஒரு பூனை வளர்த்தார். அதற்குச் சிப்பி இறைச்சி பிடிக்கும். வேலைக்காரரை அனுப்பினால் அவர்கள் பூனையை வெறுப்பார்கள் என்று, தாமே கடைக்குப் போய் வாங்கி வருவார்!

1763-ம் ஆண்டு ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற வாலிபர் நண்பரானார். ஜான்சன் பேசியதை எல்லாம் குறித்து வைத்தார். 1791-ல் அவர் வெளியிட்ட ஜான்சன் சரித்திரம் உலகப் புகழ் பெற்றது. அயர்லாந்தின் டப்ளின் சர்வகலாசாலை 1765-லும், ஆக்ஸ்போர்டு 1775-லும் டாக்டர் பட்டம் அளித்தன.

மழையில் நின்றார்

புகழின் உச்சியில் இருந்தபோதும் ஒரு நினைவு அவரை உறுத்தியது. வாலிப வயதில் ஒரு நாள், உட்டாக்சிட்டர் என்ற ஊர்ச் சந்தைக்குக் கூட வரும்படி தகப்பனார் அழைத்தார். புத்தகக் கடையில் நிற்பதற்கு வெட்கப்பட்டு மகன் மறுத்துவிட்டார். வயோதிகர் தனியே போனார்.

சுமார் 50 ஆண்டுக்குப் பிறகு, டாக்டர் ஜான்சன் அந்தச் சந்தைக்குப் போனார். தகப்பனார் கடை போட்டிருந்த இடத்தில், தலையில் தொப்பி இல்லாமல், கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார். தந்தையிடம் கேட்க முடியாத மன்னிப்பை அந்த மழையில் கேட்டுக்கொண்டார்.

1784-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, 75-வது வயதில், ஜான்சன் காலமானார். அரசர்களும் கவிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. உயிலில் பிரான்சிஸ் பார்பருக்கு ஆண்டுக்கு 70 பவுன் வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்.

சொல் வளர்கிறது

ஜான்சன் சொன்னது சரியாயிற்று. வினைச்சொற்கள் ஓய்ந்து நிற்கவில்லை. அவர் காலத்தில் போட்டோ இல்லை. பிறகு போட்டோ எடுப்பதும் 'டேக்' ஆயிற்று. அவர் காலத்தில் ஆகாய விமானம் இல்லை. பிறகு விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் 'டேக் ஆஃப்' ஆயிற்று.

1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 'செட்' என்ற சொல்லுக்கு 430 பொருள் இருந்தது. அதன்பின் நடந்த திருத்த வேலையில் 'ரன்' என்ற வினைச்சொல் 645 பொருளோடு அதை முந்திவிட்டது! ஜான்சனின் மேஜையில் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

கப் சதுக்கத்து வீடு இப்போது அவர் நினைவுச் சாலையாக இருக்கிறது. பட்டப்படிப்பு முடியாதவர், உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிந்த சொற்களில் யாரும் பார்க்காத பொருளைத் தேடிய இடம் அது.

எளிய சொல்தானே என்று அவர் எதையும் தள்ளவில்லை. எளிய மனிதர்தானே என்று யாரையும் தள்ளவும் இல்லை.